மருந்து தொட்ட தாய்மை

குட்டி ஈன்ற எலியின் கூட்டைக் கலைத்து, குட்டிகளைக் கூண்டின் மூலைக்கொன்றாகப் போட்டுவிட்டு, கடிகாரத்துடன் காத்திருப்பது நடத்தை ஆய்வகங்களில் நெடுநாள் பழக்கம். தாய் முதலில் மோப்பம் பிடிக்கும். பிறகு ஒரு குட்டியைப் பல் பதியாமல் கவ்வித் தூக்கிக் கூட்டிருந்த இடத்தில் கொண்டுபோய் விடும். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கும். எல்லாம் வந்து சேர்ந்ததும் சிதறிய காகிதத் துணுக்குகளை இழுத்துக் கூட்டைச் சரிசெய்யும், குட்டிகளைப் புரட்டிப் புரட்டி நக்கும். பிறந்த எலிக்குட்டிக்குக் கண் திறந்திருக்காது, உடலில் முடி இருக்காது, தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் தெரியாது. தாய் அதன் பின்புறத்தை நக்கிவிட்டால்தான் சிறுநீர் கழியும். கடைசியாகத் தாய் நான்கு காலையும் ஊன்றி, முதுகை வில்லாக வளைத்து, அசையாமல் நிற்கும். அந்த வளைவுக்குக் கீழே குட்டிகள் முலையைத் தேடிப் பற்றும்.

இந்த ஒவ்வொரு செயலையும் நொடிக்கணக்கில் அளக்கலாம். முதல் குட்டியைத் தூக்க எவ்வளவு நேரம் ஆயிற்று, எத்தனை குட்டி கூடு வந்து சேர்ந்தது, முதுகை வளைத்து நின்றது எத்தனை நிமிடம், நடுவில் எழுந்து போனது எத்தனை முறை. நாம் பாசம் என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது இங்கே ஓர் அட்டவணையாக விரிகிறது. கர்ப்பகாலத்தில் தாய்க்குப் போதைமருந்து கொடுத்தால் அந்த அட்டவணையில் எந்தக் கட்டம் மாறுகிறது என்று கேட்பதற்கு வழி திறந்தது இந்த அளவீட்டால்தான்.

கர்ப்பகால மருந்துகளைப் பற்றிய ஆய்வு நெடுங்காலம் கருவை மட்டுமே பார்த்தது. மருந்து நஞ்சுக்கொடியைக் கடக்கிறதா, குட்டியின் எடை குறைகிறதா, உறுப்பு சிதைகிறதா, வளர்ந்தபின் கற்றல் மந்தப்படுகிறதா என்பவையே கேள்விகள். அதே மருந்து அதே மூன்று வாரமும் தாயின் மூளையிலும்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறந்த குட்டியிடம் தெரிகிற குறைபாட்டில் எவ்வளவு கருவில் பட்ட மருந்தால் வந்தது, எவ்வளவு பிறந்தபின் கிடைத்த அரைகுறைக் கவனிப்பால் வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் எழுதப்பட்ட முடிவுகள் ஏராளம். தாயைக் கணக்கில் சேர்த்துக்கொண்டவர்களின் ஆய்வு வேறொரு சித்திரத்தைக் காட்டுகிறது. அதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

முதலில், மருந்து படாத தாய்மை எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். குட்டியே போடாத பெண் எலியின் முன்னால் பிறந்த குட்டிகளை வைத்தால் அது அஞ்சி விலகும். குட்டியின் வாசனையே அதற்கு ஒவ்வாது. சில சமயம் கடித்துத் தின்றும் விடும். ஆனால் விடாமல் நாள்தோறும் புதுக் குட்டிகளை அதன் கூண்டில் வைத்துக்கொண்டே வந்தால் ஒரு வாரத்துக்குள் அது தூக்கவும் நக்கவும் முதுகை வளைக்கவும் தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே ரோசன்பிளாட் 1967-இல் இதை வெளியிட்டார். ஆண் எலிகளும் இப்படிப் பழகின என்பது அந்த ஆய்வின் இன்னொரு வியப்பு. சில ஆண்டுகள் கழித்து அவரும் ஜோசப் டெர்க்கெலும், அப்போதுதான் ஈன்ற எலியின் ரத்தத்தைக் குட்டி போடாத எலிக்குள் ஓடவிட்டார்கள். நாள்கணக்கில் ஆகவேண்டியது ஒரு நாளுக்குள் நிகழ்ந்தது. தாயாக நடப்பதற்கான சுற்று எல்லா எலி மூளையிலும் இருக்கிறது, கர்ப்பமும் பிரசவமும் அதை உடனே வேலைசெய்யும்படி ஆக்குகின்றன என்று இதிலிருந்து தெரிந்தது.

அந்தச் சுற்றின் நடுநாயகமான இடம் ஹைபோதலாமஸின் முன்புறத்தில் உள்ள மீடியல் பிரீஆப்டிக் பகுதி. அதைச் சிதைத்தால் தாய் எலி குட்டியைத் தூக்குவதை நிறுத்திவிடும் என்று மைக்கேல் நியூமன் 1970-களில் காட்டினார். கர்ப்பம் முழுவதும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் அந்தப் பகுதியைப் பதப்படுத்துகின்றன. பிரசவத்தை ஒட்டிப் புரோஜெஸ்டிரோன் விழுகிறது, ஈஸ்ட்ரோஜன் உயர்கிறது, புரோலாக்டினும் ஆக்ஸிடோசினும் வந்து சேர்கின்றன. ஈஸ்ட்ரோஜன் கொடுத்துத் தயார்ப்படுத்திய கன்னி எலிகளின் மூளைக்குள் ஆக்ஸிடோசினைச் செலுத்தினால் அவை தாய்போல நடக்கின்றன என்று கோர்ட் பீடர்சனும் ஆர்தர் பிராங்கேவும் 1979-இல் அறிவித்தது இந்தத் துறையின் திருப்புமுனை. எலியின் கர்ப்பம் ஏறத்தாழ 22 நாள். அந்த 22 நாளும் கருப்பையில் குட்டிகள் வளர்வதைப் போலவே மண்டைக்குள் ஒரு தாயும் வளர்கிறாள். அப்போது உள்ளே போகிற மருந்து இரண்டின்மேலும் விழுகிறது.

மார்ஃபினில் தொடங்கலாம். ராபர்ட் பிரிட்ஜஸும் கரோலின் கிரிமும் 1982-இல் நடத்திய ஆய்வில், கர்ப்பத்தை இடையில் முடித்து உடனடித் தாய்மை நிலைக்குக் கொண்டுவந்த எலிகளுக்கு மார்ஃபின் ஊசி போட்டார்கள். வழக்கமாக ஓரிரு நாளில் குட்டியை ஏற்றுக்கொள்ளவேண்டிய அவை ஏற்கவில்லை. மார்ஃபினோடு சேர்த்து, அதன் வேலையைத் தடுக்கும் நாலக்ஸோனைக் கொடுத்தபோது தாய்மை நடத்தை ஏறத்தாழப் பழைய நிலைக்கு மீண்டது. ஏற்கெனவே குட்டிகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த தாய்களிடமும் மார்ஃபின் அந்த நடத்தையைக் குலைத்தது, அங்கும் நாலக்ஸோன் அதைத் திருப்பித் தந்தது. பிறகு பெவர்லி ரூபினும் பிரிட்ஜஸும் மார்ஃபினை மீடியல் பிரீஆப்டிக் பகுதிக்குள்ளேயே நேராகச் செலுத்திப் பார்த்தார்கள். மிகச் சிறிய அளவே போதுமானதாக இருந்தது. மயக்கத்தால் எலி சும்மா கிடந்தது, அதனால்தான் குட்டியைத் தூக்கவில்லை என்று சொல்லிக் கடந்துபோக அதற்குமேல் வழியில்லை.

இதில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது வேறொன்று. மார்ஃபினைப் போன்ற பொருளை உடலே கர்ப்பத்தின்போது தயாரிக்கிறது. பீட்டா எண்டார்ஃபின் என்ற அந்தப் பொருளின் அளவு எலியின் ஹைபோதலாமஸில் கர்ப்பகாலத்தில் உயர்ந்து, பிரசவத்தை ஒட்டித் தணிகிறது. ஆக்ஸிடோசின் சுரக்கும் நரம்பணுக்களை அது அடக்கி வைக்கிறது. வேளை வரும்வரை ஆக்ஸிடோசின் சேமிப்பில் இருக்கவேண்டும், குட்டி பிறக்கும்போது மொத்தமாக வெளிவரவேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. அந்தப் பிடி தளர்வதும் தாய்மை தொடங்குவதும் ஒரே நேரத்தில் நடப்பவை. வெளியிலிருந்து வரும் ஓபியம் வகை மருந்து, தளரவேண்டிய பிடியைத் தளரவிடாமல் வைத்திருக்கிறது. ஈன்றுகொண்டிருக்கும் எலிக்கு இடையில் மார்ஃபின் கொடுத்தால் அடுத்த குட்டி பிறப்பதே தாமதமாகிறது. உடல் தன் சொந்த ரசாயனத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது, அதே மொழியில், ஆனால் வேளை தவறி, வெளியாள் ஒருவர் குறுக்கே பேசுவதைப் போன்றது அது.

மருந்து என்றால் போதைப்பொருள் மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. செம்மறி ஆடுகளில் நடந்த ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. ஈன்ற செம்மறி, பனிக்குடநீரில் நனைந்த தன் குட்டியை நக்கிக்கொண்டே அதன் வாசனையை மனத்தில் பதித்துக்கொள்ளும். ஓரிரு மணிநேரத்தில் பதிவு முடிந்துவிடும். அதன்பிறகு வேற்றுக் குட்டி மடியை அண்டினால் முட்டித் தள்ளும். தாயிழந்த குட்டியை வேறோர் ஆட்டிடம் ஊட்டவிட முயன்ற மேய்ப்பர் எவருக்கும் இது தெரியும். கேம்பிரிட்ஜில் பேரி கெவர்னும், பிரான்சில் பாஸ்கல் பொயன்ட்ரோனும் ஃபிரெடெரிக் லெவியும் இதை ஆராய்ந்தார்கள். குட்டி வெளிவரும்போது பிறப்புறுப்பும் கருப்பை வாயும் விரிவதுதான் மூளைக்குள் ஆக்ஸிடோசினை வெளியேற்றும் முதல் தூண்டுதல் என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு. அந்தத் தூண்டுதலைக் கையால் சில நிமிடம் கொடுத்தே, தன் குட்டியுடன் ஏற்கெனவே பிணைந்துவிட்ட ஆட்டை வேற்றுக் குட்டியை ஏற்கவைக்க முடிந்தது.

அடுத்துச் செய்தது இன்னும் கூர்மையான சோதனை. முதுகுத்தண்டைச் சுற்றிச் செலுத்தும் மரத்துப்போகும் ஊசியை ஈனும் ஆடுகளுக்குப் போட்டார்கள். மூளைக்கு மயக்கம் கிடையாது. ஆடு விழித்திருக்கிறது, குட்டியைப் பார்க்கிறது, முகர்கிறது. ஆனால் பிறப்புப் பாதையிலிருந்து எழும் உணர்வு மூளைக்குப் போய்ச் சேரவில்லை. 1987-இல் வெளியான அந்த ஆய்வில், ஊசி பெற்ற ஆடுகளின் தாய்மை நடத்தை குலைந்தது. முதன்முறை ஈன்றவையும் பலமுறை ஈன்றவையும் பாதிக்கப்பட்டன. 1992-இல் அதே குழு, மரத்துப்போன நிலையில் ஈன்ற முதல்முறைத் தாய்களின் மூளைக்குள் ஆக்ஸிடோசினைச் செலுத்தியது. அவை குட்டியை நக்கத் தொடங்கின, ஏற்றுக்கொண்டன.

இதைப் படித்துவிட்டு, பிரசவ வலிக்கு ஊசி போட்டுக்கொண்ட பெண்களின் பாசத்தைச் சந்தேகிக்க யாராவது கிளம்பினால் அது பெரும் அநியாயம். மனிதத் தாய் குழந்தையைப் பற்றிப் பல மாதம் எண்ணுகிறாள், பெயர் தேடுகிறாள், முகம் பார்க்கிறாள், சுற்றத்தாரின் பேச்சில் தாயாகிறாள். ஆட்டுக்கு உள்ள ஒற்றை வாசல் அவளுக்கு இல்லை, பல வாசல் உண்டு. அந்த ஆய்வு நிறுவியது ஒன்றைத்தான்: தாயின் நடத்தையில் தெரியும் தடங்கலுக்கு ஒரு குறிப்பிட்ட உணர்வுப் பாதையும் ஒரு குறிப்பிட்ட ஹார்மோனும் காரணமாக இருக்கமுடியும், அந்த ஹார்மோனைத் தந்தால் தடங்கல் நீங்கவும் கூடும்.

கோகெய்ன் ஆய்வுகள்தான் இந்தத் துறையில் மிக விரிவானவை. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் ஜோசஃபின் ஜான்ஸ் தலைமையில் 1990-களின் தொடக்கத்திலிருந்து இருபது ஆண்டுக்கு மேல் நடந்த பணி அது. தாய்மையில் ஆக்ஸிடோசினின் பங்கை முதலில் காட்டிய பீடர்சனும் அதே வளாகத்தில் இருந்தார், சில கட்டுரைகளில் சேர்ந்தும் எழுதினார். கர்ப்பத்தின் முதல் நாளிலிருந்து இருபதாம் நாள்வரை, நாளுக்கு இருமுறை, உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் தோலுக்கடியில் கோகெய்ன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் கோகெய்ன் ரத்தக்குழாய்களைச் சுருக்கி அந்த இடத்துத் தோலை அழுகவைத்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் ஊசி போடும் இடத்தை மாற்றவேண்டியிருந்தது. கோகெய்ன் பசியை அடக்கும். அதனால் கோகெய்ன் எலி அன்றன்று எவ்வளவு தின்றதோ அதே அளவு இரையை மட்டும் வேறொரு குழு எலிகளுக்குக் கொடுத்து, வெறும் உப்புநீர் ஊசி போட்டார்கள். அந்தக் குழு இல்லாவிட்டால் பட்டினியின் விளைவைக் கோகெய்னின் விளைவு என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. ஓர் ஆய்வின் நேர்மையை இத்தகைய துணைக்குழுக்களில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முடிவுகளைப் பற்றிய செய்தியில் இவை இடம்பெறுவதே இல்லை.

கர்ப்பத்தில் கோகெய்ன் பெற்ற தாய்கள் குட்டி பிறந்த முதல் நாளிலேயே வேறுபட்டன. குட்டிகளின்மேல் கவிந்து நிற்கும் நேரம் குறைந்தது, கவனிப்பு தொடங்கத் தாமதமாயிற்று, நடுநடுவே அறுபட்டது. மூளையைப் பரிசோதித்தபோது, 1997-இல் வெளியான ஆய்வின்படி, மீடியல் பிரீஆப்டிக் பகுதியிலும், டோபமின் நரம்பணுக்கள் குவிந்திருக்கும் நடுமூளைப் பகுதியிலும், ஹிப்போகாம்பஸிலும் ஆக்ஸிடோசின் குறைந்திருந்தது. கடைசி ஊசி கர்ப்பத்தின் இருபதாம் நாளோடு நின்றுவிட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எலியின் ரத்தத்திலிருந்து கோகெய்ன் சில மணிநேரத்தில் மறைந்துவிடும். குட்டி பிறந்தபின் தெரிந்த மாற்றம் போதையின் நேரடி வேகம் அல்ல, போதை போனபின் மூளையில் நின்ற தடம்.

ஆறாம் நாளில் மற்றொன்று தெரிந்தது. பாலூட்டும் எலியின் கூண்டில் அந்நிய ஆண் எலியை விட்டால் தாய் பாய்ந்து தாக்கும். குட்டியைக் காக்கும் அந்தச் சீற்றம் கோகெய்ன் தாய்களிடம் குறையும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். மாறாக அது கூடியிருந்தது. மூளையின் அமிக்டலா பகுதியில் ஆக்ஸிடோசின் குறைவதோடு இதை அவர்கள் தொடர்புபடுத்தினார்கள். கவனிப்பு குறைந்து சீற்றம் கூடுகிறது என்றால், தாய்மை என்ற ஒரே பொருள் கூடியோ குறைந்தோ போனதாகச் சொல்லமுடியாது. தூக்குவது, நக்குவது, பாலூட்டுவது, காப்பது ஆகிய ஒவ்வொன்றும் மூளையில் தனித்தனிப் பிடிமானம் கொண்டவை. மருந்து அவற்றின் சமநிலையைத்தான் கலைக்கிறது.

கோகெய்ன் டோபமின், செரட்டோனின், நாரட்ரினலின் மூன்றையும் நரம்பணுக்கள் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுக்கும். அவற்றுள் டோபமினுக்குத் தாய்மையில் தனிப் பங்கு உண்டு. குட்டி தாய் எலிக்கு ஒரு வெகுமதி. விசையை அழுத்தினால் ஒரு குட்டி சரிவில் வந்து விழும்படி அமைத்த கூண்டில் தாய் எலிகள் நூற்றுக்கணக்கான முறை அழுத்தி அழுத்திக் குட்டிகளைக் கூட்டில் சேர்த்ததை 1969-இல் வில்லியம் வில்சன்கிராஃப்ட் பதிவுசெய்தார். குட்டியோடு இருக்கும்போது தாயின் மூளையில் டோபமின் வெளியாவதை ஸ்டெஃபான் ஹான்சன் 1993-இல் நேரடியாக அளந்தார். ரட்கர்ஸில் ஜோன் மாரல் குழுவினர் கோகெய்னை நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற வெகுமதி மையத்திலும் மீடியல் பிரீஆப்டிக் பகுதியிலும் செலுத்தினார்கள். இரண்டு இடத்திலும் குட்டியைத் தூக்கிவரும் நடத்தை குலைந்தது. குட்டி இருக்கவேண்டிய இடத்தில் மருந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் எப்போதும் உட்கார்ந்துவிட முடிவதில்லை. இந்தத் துறையில் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மாரல் குழுவே 2001-இல் வெளியிட்ட ஆய்வில், தாய் எலிக்கு ஓர் அறையில் குட்டிகளோடும் வேறோர் அறையில் கோகெய்னோடும் பழக்கம் ஏற்படுத்தினார்கள். பிறகு இரண்டும் வெறுமையாக இருக்கும்போது எந்த அறைக்குப் போகிறது என்று பார்த்தார்கள். ஈன்ற எட்டாம் நாளில் பெரும்பாலான தாய்கள் குட்டியின் அறைக்குப் போயின. குட்டிகள் வளர்ந்து, தாயை அவ்வளவாகத் தேடாத பதினாறாம் நாளில் கோகெய்ன் அறை வென்றது. கிரெய்க் ஃபெரிஸ் குழுவினர் 2005-இல் விழித்திருக்கும் எலிகளின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் பார்த்தார்கள். கன்னி எலிகளில் கோகெய்ன் வெகுமதி மையங்களைத் தூண்டியது. பாலூட்டும் தாய்களிலோ அதே கோகெய்ன் அந்த மையங்களின் செயலை அடக்கியது. அவற்றைத் தூண்டியது குட்டி பால் குடிப்பதுதான். பிரசவத்தை அடுத்த சில நாள்கள் ஒரு தனிப் பருவம், குட்டியின் ஈர்ப்பு மருந்தின் ஈர்ப்பை மிஞ்சக்கூடிய பருவம் என்று இவை சொல்கின்றன. அந்தப் பருவத்தில் தாயும் குட்டியும் பிரிந்திருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்கிறோம். அந்தக் குஞ்சும் வாய்திறந்து கேட்டாக வேண்டும். எலிக்குட்டிகள் குளிர்ந்தாலோ கூட்டைவிட்டு விலகினாலோ மனிதக் காதுக்கு எட்டாத, ஏறத்தாழ 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் கூவும். தாய் அதைக் கேட்டுத்தான் தேடிப் போகும். கருவிலேயே கோகெய்ன் பட்ட குட்டிகளின் கூவல் வேறுபடுகிறது. இதைச் சோதிக்க ஜான்ஸ் குழு குட்டிகளை மாற்றி வைத்தது: மருந்து பட்ட குட்டி மருந்தறியாத தாயிடம், மருந்தறியாத குட்டி மருந்து பெற்ற தாயிடம். மருந்தறியாத தாயும், கருவில் மருந்து பட்ட குட்டியிடம் சற்று வேறுவிதமாக நடந்துகொண்டது. கவனிப்பு தாயிடமிருந்து குட்டிக்குப் போகும் ஒருவழிப் பாதை இல்லை. குட்டி கேட்கிறது, தாய் தருகிறது, தந்ததால் குட்டி மாறுகிறது, மாறிய குட்டி வேறுவிதமாகக் கேட்கிறது. இரண்டு முனையிலும் மருந்து தொட்டிருக்கும்போது சுற்று இரட்டிப்பாகத் தளர்கிறது.

தளர்ச்சி அடுத்த தலைமுறைக்கும் போகிறது. மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர் 1990-களில் காட்டியபடி, நிறைய நக்கும் தாயிடம் வளர்ந்த பெண்குட்டி தானும் நிறைய நக்கும் தாயாகிறது. பெற்றவள் யார் என்பதைவிட வளர்த்தவள் எப்படி நடந்தாள் என்பதே அங்கு முடிவுசெய்தது. 2005-இல் ஜான்ஸ் குழு, கருவில் கோகெய்ன் பட்ட, அல்லது கோகெய்ன் பெற்ற தாயிடம் வளர்ந்த பெண்குட்டிகள் பெரியவையாகித் தாங்களே ஈன்றபோது பார்த்தது. அவை எந்த மருந்தும் பெறாதவை. ஆனாலும் அவற்றின் தாய்மை நடத்தையில் குலைவு இருந்தது. தாய்க்குப் போட்ட ஊசியின் தடம் மகளின் கூட்டில்.

மெத்தாம்ஃபெட்டமின் பற்றிப் பிராகில் ரொமானா ஷ்லாம்பெரோவாவின் குழுவும், மனநோய் மருந்துகள் பற்றிப் பலரும் செய்த ஆய்வுகள் இதே திசையைத்தான் காட்டுகின்றன. டோபமினைத் தடுக்கும் ஹாலோபெரிடாலும் குட்டி தூக்குவதைக் குறைக்கிறது, டோபமினைப் பெருக்கும் கோகெய்னும் குறைக்கிறது என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே போகலாம். அளவு கூடினாலும் குறைந்தாலும் சுற்று கெடும்.

இந்த எலிகள் ஆய்வகத்தில் இருந்த அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் மனிதத் தாய்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. 1980-களின் பிற்பகுதியில் 'கிராக் குழந்தை' என்ற சொல் பத்திரிகைகளில் பரவியது. கருவில் கோகெய்ன் பட்ட ஒரு தலைமுறையே மீளமுடியாத மூளைச்சிதைவோடு பள்ளிக்கு வரப்போகிறது என்று எழுதினார்கள். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரப் பொது மருத்துவமனை 1989-இல் கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்து, கோகெய்ன் தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்கும் முறையைக் கொண்டுவந்தது. கைதானவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். பிரசவமான கையோடு கைவிலங்கிட்டுக் கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. அந்தச் சோதனை அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதமானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2001 வரை ஆயிற்று.

அறிவியலும் அந்தப் பதற்றத்துக்கு வெளியே நிற்கவில்லை. கிடியன் கோரன் குழுவினர் 1989-இல் 'லான்செட்' இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கர்ப்பகாலக் கோகெய்ன் பற்றி ஒரு குழந்தைநல மருத்துவ மாநாட்டுக்கு 1980 முதல் வந்த ஆய்வுச் சுருக்கங்களில், கேடு உண்டு என்று சொன்ன 49-இல் 28 ஏற்கப்பட்டன. கேடு தெரியவில்லை என்று சொன்ன 9-இல் ஏற்கப்பட்டது ஒன்றே ஒன்று. 2001-இல் டெபோரா ஃபிராங்க் குழு அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தபோது, புகையிலை, மது, வறுமை ஆகியவற்றின் பங்கைக் கழித்தபின் கோகெய்னுக்கு என்று மிஞ்சிய சேதம் பத்திரிகைகள் சொன்னதற்குப் பக்கத்தில்கூட இல்லை. பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் பல ஆண்டு தொடர்ந்து பார்த்த குழந்தைகளிடம் கோகெய்னைவிட வறுமையே ஆழமாகத் தடம் பதித்திருந்தது.

தாயின் நடத்தை பற்றிய எலி ஆய்வுகளையும் இதே எச்சரிக்கையோடுதான் படிக்கவேண்டும். எலி தானே தேடிப்போய் மருந்தை எடுக்கவில்லை. அதற்கு வாடகை பாக்கி இல்லை, அடிக்கும் கணவன் இல்லை, காவலர் பயம் இல்லை. ஆனாலும் எலியில் கண்டது மனிதரில் எதிரொலித்த ஓர் இடம் உண்டு. சாப்பல் ஹில்லில் கேத்லீன் லைட் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தில் கோகெய்ன் பயன்படுத்திய தாய்களின் ரத்தத்தில் ஆக்ஸிடோசின் குறைவாக இருந்தது, மனச்சுமை கூடுதலாக இருந்தது. அந்தத் தாயிடம் தெரியும் தடுமாற்றத்தை மனமில்லாமை என்று எழுதுவதற்கும், மருந்தால் வற்றிய ஒரு ஹார்மோன் என்று எழுதுவதற்கும் இடையே ஒரு குழந்தையின் முழு எதிர்காலம் இருக்கிறது. முதலாவது பிள்ளையைப் பிரிக்கச் சொல்லும். இரண்டாவது தாய்க்கு வைத்தியம் தேடச் சொல்லும்.

வைத்தியத்திலும் சிக்கல் உண்டு. ஹெராயின் பழக்கமுள்ள கர்ப்பிணிகளுக்கு மெத்தடோனோ புப்ரெனார்ஃபினோ கொடுப்பது இன்று ஏற்கப்பட்ட முறை. திடீரென நிறுத்தினால் தாய் மீண்டும் தெருமருந்துக்குப் போய் அளவு மீறி உயிரிழக்கும் ஆபத்து பெரிது. ஆனால் இவையும் ஓபியம் வகையைச் சேர்ந்தவையே. டெட்ராய்ட்டின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சுசானே பிரும்மெல்டே குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தில் புப்ரெனார்ஃபின் பெற்ற எலிகளின் கவனிப்பு குறைந்தது, குட்டிகளும் கூடுதலாக இறந்தன. மருந்தை நிறுத்துவதற்கு இது காரணமாகாது. தாயின் உயிரைக் காக்கும் மருந்தைக் கொடுக்கும்போதே, பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களில் அவளுக்குக் கூடுதல் கைத்தாங்கல் வேண்டும் என்பதற்குத்தான் காரணமாகிறது.

கைத்தாங்கல் எங்கிருந்து வரும் என்பதற்கு எலிகளே ஒரு குறிப்புத் தருகின்றன. கிரெய்க் கின்ஸ்லியும் பிரிட்ஜஸும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், முதன்முறைத் தாயின் நடத்தையைக் குலைத்த மார்ஃபின், ஏற்கெனவே குட்டி வளர்த்த அனுபவமுள்ள தாயை அந்த அளவு குலைக்கவில்லை. குட்டிகளோடு கழித்த நாள்களே மூளையை மருந்துக்கு எதிராக உரமேற்றியிருந்தன. கன்னி எலியைத் தாயாக்கியதும் குட்டியோடு இருந்த நாள்கள்தான். எட்டாம் நாளில் கோகெய்ன் அறையைத் தோற்கடித்ததும் அதுதான்.

யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவமனையில் மேத்யூ கிராஸ்மன் என்ற மருத்துவர் 2017-இல் வெளியிட்ட விவரம் இங்கே பொருந்துகிறது. தாய் மெத்தடோன் எடுத்ததால் பிறந்தவுடன் மருந்துவிடும் வேதனையில் துடிக்கும் பச்சிளம் குழந்தைகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தனியே வைத்து மார்ஃபின் சொட்டு கொடுப்பதுதான் வழக்கமாக இருந்தது. அவர்கள் அதை மாற்றி, குழந்தையைத் தாயின் அறையிலேயே, இருளும் அமைதியுமாக, தாயின் மார்போடு வைத்தார்கள். பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, தேற்றினால் தேறுகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். மார்ஃபின் தேவைப்பட்ட குழந்தைகள் 98 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தார்கள். மருத்துவமனையில் தங்கும் சராசரி நாள் 22.4-லிருந்து 5.9 ஆயிற்று. அந்த ஆய்வு கணக்கெடுத்தது குழந்தைகளைத்தான். அந்த ஆறு நாளும் குழந்தையை மார்பில் சுமந்திருந்த தாய்களின் ஆக்ஸிடோசினையும், அடுத்த மாதங்களில் அவர்கள் குழந்தையைத் தூக்கிய விதத்தையும் யாராவது அதே கவனத்தோடு அளக்கவேண்டும். எலிக்கூண்டின் முன்னால் கடிகாரத்தோடு உட்கார்ந்தவர்கள் கேட்ட கேள்வியின் மனித வடிவம் அது.